கார்த்திகையில் காலி செய்த தொட்டி

நான் படித்தது இரண்டாம் வகுப்பு வரை. அதற்கு மேல் படித்திருந்தால் டீக்கடை வைத்திருக்க மாட்டேன். ஏதாவது ஆபீசில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவன் போட்ட டீயைக் குறை சொல்லிக்கொண்டிருப்பேன். போர்ட் பிளேயரை விட்டு வெளியே போகிற ரோடு, கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஓடையைத் தொடும் இடத்தில் என் கடை. தகரம் தகரமாகச் சேர்த்து நானே எழுப்பியது. பஸ் டிரைவர்கள் டெய்ரி ஃபார்ம் பஜாரில் இருக்கிற நல்ல நல்ல கடைகளையெல்லாம் தாண்டி வந்து என்னிடம் குடிப்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த ரூட்டில் ஓட்டிய யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

டீயில் பாதி ருசி தண்ணீருடையது. சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் சொல்கிறேன். மலையிலிருந்து பீலி வழியாக எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் கொட்டும் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நாக்கு இது. சின்ன வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்தேன். அங்கே வருஷக்கணக்கில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டுத்தான் போர்ட் பிளேயருக்கு மாறினேன். கடைக்கு இடம் தேடியபோது எல்லோரும் ரோட்டைப் பார்த்தார்கள், நான் கிணற்றைப் பார்த்தேன். அவ்வளவு நல்ல தண்ணீர்.

சுனாமி அன்று ஓடை வழியாக ஏறி வந்த அலை அந்தக் கிணற்றை மூழ்கடித்துவிட்டுப் போனது. கடை நின்றது, நாங்களும் உயிரோடு நின்றோம். கச்சாலில் அலையோடு போனவர்களை நினைத்தால் கிணறு உப்பாகிப் போனதைப் பெரிதாகச் சொல்லவே கூச்சமாக இருக்கும். ஆனால் உயிரோடு இருக்கிறவன் அடுத்த நாள் அடுப்புப் பற்ற வைக்க வேண்டுமே.

அந்தப் பக்கம் தரையே தாழ்ந்துவிட்டது என்றார்கள். நெல் விளைந்த வயலில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது. எங்கள் ரோட்டில் எல்லோரும் டீசல் எஞ்சினை வைத்துக் கிணற்றை இறைத்தார்கள். நானும் இறைத்தேன். இறைக்க இறைக்க உப்பு ஏறியதே தவிர இறங்கவில்லை. மேலே நிற்கிற நல்ல தண்ணீரை இழுத்துவிட்டால் அடியில் இருக்கிற கடல்தான் மேலே வரும் என்பது எனக்குப் புரிந்துபோயிற்று. எஞ்சினை நிறுத்தியவன் அந்த ரோட்டிலேயே நான் ஒருத்தன்தான்.

அந்தத் தண்ணீரில் பால் திரிந்தது. தினமும் வருகிற வங்காளி டிரைவர் ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு, “அண்ணா, ஆஜ் சாய் மே சமுந்தர் டாலா க்யா?” என்றார். டீயில் கடலையே ஊற்றிவிட்டேனாம். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் தம்ளரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். என் கடையில் தம்ளர் பாதியில் நின்றது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு கூடவே இருந்த மச்சினனைச் சைக்கிளில் கேன்களோடு பத்துபஸ்திக்கு அனுப்பினோம். அங்கே தெரிந்தவர் வீட்டுக் குழாயில் பிடித்து வருவான். வேனலில் அந்தக் குழாயிலும் தினமும் வராது. வராத நாளில் கடையை மூட வேண்டியதுதான். இப்படி இரண்டு வேனல் போனது. இரண்டாவது வேனலின் கடைசியில் என் வீட்டுக்காரி காலிக் கேன்களை என் முன்னால் வரிசையாக வைத்தாள்.

“இந்தா பாருங்க, அடுத்த பங்குனி வரைக்கும் பொறுத்துப் பாப்பேன். அப்பவும் கேனத் தூக்கிட்டு ஊரு ஊரா அலையுற பொழப்புன்னா, நான் திக்லிபூருக்கு மக வூட்டுக்குப் போயிருவேன். அங்க ஆறு ஓடுது. நீங்க ஒங்க கடையக் கட்டிப் புடிச்சுக்கிட்டுக் கெடங்க.”

அவள் சொன்னால் செய்கிறவள். அவள் போய்விட்டால் கடை இல்லை. வடை, போண்டா எல்லாம் அவள் கை. எனக்கு இந்தத் தீவில் சொந்தமென்று சொல்ல அந்தக் கடை ஒன்றுதான்.

வருஷத்தில் பாதிக்கு மேல் மழை கொட்டுகிற ஊர். மிச்ச மாதங்களில் குடத்தோடு ஓடுகிற ஊரும் இதுவேதான். கொட்டுகிறபோது பிடித்து வைக்காதவன் ஓடத்தானே வேண்டும்? பால் வெட்டுகிறவனுக்கு மழை எதிரி. பட்டை வழியாக வழிகிற மழைத் தண்ணீர் பால் வடிகிற சிரட்டைக்குள் விழுந்தால் அன்றைய பால் போச்சு. அதனால் மரத்தைச் சுற்றிப் பாலிதீன் பாவாடை கட்டி மழையைத் தள்ளிவிடுவோம். தள்ளிவிடத் தெரிந்தவனுக்கு இழுத்துக்கொள்ளவும் தெரியும். கடைக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. அதன் விளிம்பு முழுக்கத் தகரத்தை மடித்து ஓடு கால் கட்டினேன். மட்டப்பலகை எதுவும் வைக்கவில்லை. மரத்தில் வெட்டுக் கோட்டுக்குக் கொடுக்கிற சாய்வையே கண்ணால் பார்த்துக் கொடுத்தேன். ஒரு சொட்டு தேங்கவில்லை. கடைக்குப் பின்னால் என் தலை மறையும் உயரத்துக்குச் சிமெண்டுத் தொட்டி. ஆவணியில் தொட்டி வேலை முடிந்தது.

தொட்டியின் அடியில் ஓரமாகக் கசிந்தது. சொந்தத் தொழிலின் புத்தி இங்கேதான் எங்களைக் கவிழ்த்தது. பால் வெட்டுகிறவன் எது கிழிந்தாலும் ரப்பர் பாலால் ஒட்டுவான். குடை, செருப்பு, ஓட்டை வாளி எல்லாம் அப்படித்தான். யோசனை மச்சினனுடையது, அதைத் தெளிவாகவே எழுதிவிடுகிறேன். தெரிந்தவர் தோட்டத்திலிருந்து ஒரு கேன் பால் கொண்டு வந்து உள்சுவர் முழுக்கப் பூசினான். கசிவு நின்றது. நானும் முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

கார்த்திகையில் தொட்டி விளிம்பு வரை நிறைந்தது. ரோட்டில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு மூடியைத் திறந்து முதல் குடம் மொண்டபோது ரப்பர் ஷீட் காயவைக்கிற புகைக்கொட்டகையில் ரப்பர் பாலை அழுகவிட்ட நாற்றம்.

“மாமா, கொதிக்க வச்சா போயிரும்” என்றான் மச்சினன்.

கொதிக்க வைத்ததும் கடை முழுக்க நாறியது. என் வீட்டுக்காரி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். “ஏன்டா, டயரு காச்சிக் குடுக்கவா கட வச்சிருக்கோம்?” என்று தம்பியைக் கேட்டாள். அவன் அன்றைக்குச் சாப்பிட வரவில்லை.

மழைக்காலம் முடிய கொஞ்ச நாள்தான் இருந்தது. இந்தத் தண்ணீரைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளலாம், குடிக்கிறதுக்கு மறுபடி கேன் தூக்கலாம் என்று மச்சினன் சொன்னான். அதாவது வந்த வழியிலேயே திரும்பிப் போவது. நான் தொட்டியைக் காலி செய்ய அடி அடைப்பைப் பிடுங்கப் போனேன்.

“தொறந்துட்டு மழ வரலன்னா நான் பொட்டியக் கட்ட வேண்டியதுதான்” என்றாள் அவள்.

“கட்டு. மழ வரும்.”

“ஒங்ககிட்ட சொல்லிட்டா வருது?”

எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? ஆனாலும் பிடுங்கினேன். அந்தத் தண்ணீரையும் ரோட்டில் விடவில்லை. மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டி, கிணற்றுக்கு மேல்புறம் ஒரு குழி தோண்டி, மணலைப் போட்டு அதில் இறக்கினேன். மண்ணுக்குள் போனால் கடலை ஒரு விரல் அளவாவது கீழே தள்ளட்டும். பக்கத்துக் கடைக்காரர்கள் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே முடிவு கட்டினார்கள்.

நானும் மச்சினனும் உள்ளே இறங்கி ரப்பர் தோலை உரித்துச் சுரண்டினோம். கசிந்த இடத்தைக் கொத்திச் சிமெண்டுப் பால் அடித்தோம். அது காய்வதற்குள் வானம் இருட்டியது. சுனாமிக்கு நிவாரணமாகக் கொடுத்த நீலத் தார்ப்பாயை, ஓடு கால் விழும் வாயோடு சேர்த்துத் தொட்டி மேல் இழுத்துக் கட்டினேன். அன்று பெய்த மழை முழுவதும் அதன் மேல் விழுந்து வழிந்து ஓடையில் போய்ச் சேர்ந்தது. மூன்று பேரும் கடைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவிழ்த்துவிடலாமா என்று இரண்டு முறை முடிச்சு வரை போனேன். அவிழ்க்கவில்லை.

மார்கழியில் ஒரு புயல் சின்னம் வந்தது. கப்பல்களெல்லாம் நின்றுபோய் ஊரே திட்டிக்கொண்டிருந்தது, நான் மட்டும் ஓடு காலில் சேர்ந்த இலைகளை வழித்துக்கொண்டு நனைந்தபடி நின்றேன். தண்ணீர் என் மார்பு உயரத்துக்கு ஏறியது. பிறகு மழை விட்டது விட்டதுதான்.

அதன் பிறகு ஆட்சி என் வீட்டுக்காரியுடையது. தம்ளர்களை இரண்டு முறை கிணற்று உப்புத் தண்ணீரில் அலசி, மூன்றாவது அலசலுக்கு மட்டும் தொட்டித் தண்ணீர். டீ குடிக்கிறவருக்கு முதலில் ஒரு தம்ளர் தண்ணீர் வைப்பதுதான் முறை. அதை நிறுத்து என்று ஒரு பக்கத்துக் கடைக்காரர் புத்தி சொன்னார். தாகத்துக்குக் கேட்கிறவனுக்கு இல்லையென்று சொல்லிக் கடை நடத்த என்னால் முடியாது. அவள் வழி கண்டுபிடித்தாள். பாதித் தம்ளர் வைப்பாள், மீண்டும் கேட்டால் மீண்டும் பாதி. முக்கால்வாசிப் பேர் கேட்கவேயில்லை. நிறையக் கொடுத்தபோது மிச்சத்தைக் கீழே கொட்டியவர்கள்தானே எல்லோரும்.

வங்காளி டிரைவர் மறுபடி வந்தார். காலித் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போனார். அவர் கவிழ்த்த இடத்தில் ஈரம்கூட இல்லை.

பங்குனியில் திக்லிபூரிலிருந்து மகள் போன் செய்தாள். பஸ்ஸில் மாப்பிள்ளையை அனுப்பவா, அம்மா எப்போது வருகிறாள் என்று கேட்டாள். நான் பால் பாத்திரத்தைப் பார்க்கிற மாதிரி நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரி வெளியே போய், ஒரு குச்சியைத் தொட்டிக்குள் விட்டு நனைந்த அளவைப் பார்த்துவிட்டு வந்து போனை எடுத்தாள்.

“இப்ப வர்றதுக்கில்லடி. நான் அங்கிட்டு நகந்தா ஒங்கப்பா என் தொட்டின்னு பெரும பேசியே ஊருக்கெல்லாம் ஊத்திக் குடுத்துருவாரு. மழ எறங்கட்டும், பாப்போம்.”

மழை இறங்க இன்னும் நாள் இருந்தது. குச்சியில் முழங்கால் அளவு ஈரம் இருந்தது. நான் கடைக்குப் பக்கவாட்டில் காலியாகக் கிடந்த இடத்துக்குப் போய், நான்கு மூலையிலும் குச்சி அடித்து, இரண்டாவது தொட்டிக்குக் கயிறு கட்டினேன்.