சூளைச் சூடு என்று நினைத்தது

எங்கள் பக்கத்தில் இடுப்புக்குக் கீழே என்ன வந்தாலும் அதற்கு ஒரே பேர்தான், சூளைச் சூடு. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற கூடங்களில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். நீர் எரிச்சலா, சூடு. கட்டியா, சூடு. புண்ணா, அதுவும் சூடு. சூளையைப் பிரித்து வெந்த பொம்மைகளை இறக்கின அன்று ஆண்கள் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள், இளநீர் குடிப்பார்கள், ஈரத்துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு படுப்பார்கள். வந்தது போய்விட்டால் சூடு இறங்கிவிட்டது என்று அர்த்தம். போகாவிட்டால் இன்னொரு இளநீர். டாக்டரிடம் போகிற வழக்கமே கிடையாது. போய் எதைக் காட்டுவது?

நானும் அந்தக் கூடத்தில்தான் உழைத்தேன். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் வேகாத பச்சைப் பொம்மைகளைப் பலகையில் அடுக்கித் தலையில் வைத்துச் சூளைக்குக் கொண்டுபோவேன். என் தலையிலிருந்து ஒன்றுகூட விழுந்து உடைந்தது கிடையாது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கென்ன வெட்கம்? என் வீட்டுக்காரர் சூளை எரித்தவர். அவர் போன பிறகு மகனும் அந்த வேலைக்கே வந்தான். கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் வடக்கே ஒரு டைல்ஸ் கம்பெனி சூளைக்குப் போய்விட்டுத் திரும்பினான். மருமகளும் அதே கூடந்தான். பச்சைப் பொம்மைக்கு ஓரம் சீவி, ஈரத்துணியால் துடைத்து, கோணல்மாணலைச் சரிசெய்வாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். எனக்குப் பிடித்ததே அந்த வாய்தான்.

அவள் முழுகாமல் இருந்தபோது பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். ரத்தம் எடுத்தார்கள். அடுத்த முறை போனபோது நர்ஸம்மா அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். நான் எழுந்ததும், "நீங்க இருங்கம்மா, அவங்க மட்டும் வரட்டும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பிள்ளை பெறப்போகிறவளுக்கு மாமியார் இல்லாமல் என்ன ரகசியம் என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் வெளியே வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அது போகட்டும் என்று நின்றவள், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அத்தை, எனக்கு ரத்தத்துல மேகநோய் இருக்குதாம். சிபிலிஸ்ஸுன்னு சொன்னாங்க. நீங்க என்னா நெனக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். நெனச்சிக்குங்க. ஆனா நான் உங்க புள்ளயத் தவிர யாரையும் தொட்டதில்ல."

நான் ஒன்றும் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் பொய் சொல்லத் தெரியாத முகம். பொய் சொல்லத் தெரிந்திருந்தால் கூடத்தில் மேஸ்திரியிடம் அத்தனை திட்டு வாங்கியிருக்க மாட்டாள்.

"கொழந்தைக்கு?" என்றேன்.

"அதுக்குத்தான் பயம். வைத்தியம் பாக்காம வுட்டா வயித்துலயே போயிடலாமாம். பொறந்தாலும் நோயோட பொறக்கலாமாம். இப்பவே ஊசி போட்டா தப்பிச்சிக்கும்னு சொன்னாங்க. மொதல் ஊசி போட்டாச்சு. வாரத்துக்கு ஒண்ணா இன்னும் போடணும்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அவுரும் வந்து போட்டுக்கணுமாம். எனக்கு மட்டும் போட்டா, திரும்பவும் அவுருகிட்டேருந்து எனக்கு வந்துடுமாம்."

நான் அங்கே இருந்த கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். என் மகனுக்கு முன்னால் எனக்கு ஒன்று உண்டாகி ஏழாம் மாதம் வயிற்றிலேயே போயிற்று. சூளை வாயில் போய் நின்றாய், அந்தச் சூடுதான் தின்றுவிட்டது என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். இத்தனை வருஷமும் நம்பினேன். அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் முதல் தடவையாக, வேறு ஏதாவது இருந்திருக்குமோ என்று தோன்றியது.

சாயங்காலம் மகன் வேலை முடிந்து வந்தான். அவள் காபியைக் கையில் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். நான் எழுந்து போகப் பார்த்தேன்.

"நீங்க இருங்க அத்தை" என்றாள்.

அவன் முதலில் சிரித்தான். பிறகு கோபப்பட்டான். "எனக்கு ஒண்ணும் இல்ல. நான் நல்லாத்தான் இருக்கறேன்."

"அப்ப வடக்க டைல்ஸ் கம்பெனிலேருந்து வந்தப்போ ஒரு புண்ணு இருந்துச்சே?"

"அது சூடு. அங்க சூளை எம்மாம் பெருசு தெரியுமா? வலிகூட இல்ல. எளநீர் குடிச்சேன், ஆறிப்போச்சு. அப்பறம் உள்ளங்கையில செவப்பு செவப்பா வந்துது, அதுவும் தானா போயிடுச்சு. நோயின்னா தானா போவுமா?"

"அதத்தான் நர்ஸம்மா சொன்னாங்க. வலிக்காதாம். தானா ஆறிடுமாம். ஆறுனதும் நாம போயிடுச்சின்னு நெனச்சிக்குவோமாம். அது ரத்தத்துக்குள்ள போயி உக்காந்துக்கிட்டு இருக்குமாம்."

"அவங்களுக்கு என்னா தெரியும், சூளையப் பத்தி?"

"எனக்குத் தெரியும் இல்ல?" என்றாள் அவள். "பச்சையில விரிசல் வுட்ட பொம்மைய ஈரக்கையால தடவி மூடி உங்ககிட்ட அனுப்பறமே, நீங்க கண்டுபுடிச்சிருக்கீங்களா? சூளையில வெந்ததும் அதே எடத்துல வாயப் பொளந்துக்கிட்டு வருதா இல்லியா? அப்ப யாரு தலையில போடறீங்க? எங்க தலையில. இது அந்த மாரிதான். மேல மூடிக்கிச்சு. வேகறது எம்புள்ள."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் குரலைத் தாழ்த்தினாள். "வடக்க போனப்ப என்னா நடந்துச்சின்னு நான் இப்ப கேக்கல. அத அப்பறமா கேட்டுக்கறேன், நல்லாவே கேப்பேன். மொதல்ல வந்து ஊசி போட்டுக்குங்க. அதுவரைக்கும் உங்க பாயி அந்தப் பக்கம்."

மாமியார் முன்னால் பேசுகிற பேச்சா என்று யாராவது கேட்கலாம். நான் கேட்கவில்லை.

வருகிறேன் என்றவன், ஆஸ்பத்திரி வாசல் வரைக்குந்தான் வந்தான். அங்கே டீக்கடையில் நின்றுகொண்டான். காரணம் எனக்குத் தெரியும். அந்த நோய்க்கென்று ஒரு தனி அறை இருக்கிறது. வெளியே ஒரு பெஞ்சு. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், கதவில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுசாகக்கூடப் படித்ததில்லை. ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் யார், எதற்காக என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். கூடத்து ஆட்கள், கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் என்று தெரிந்த முகம் ஒன்றாவது அந்த வழியே போய்க்கொண்டுதான் இருக்கும்.

"நான் நாளைக்கி சேத்தியாத்தோப்புல பிரைவேட்டுல போட்டுக்கறேம்மா" என்றான்.

"அங்கப் போயி சூடுன்னு சொல்லி சூட்டுக்கு ஊசி போட்டுக்கிட்டு வருவ" என்றாள் மருமகள். அவளுக்கு அன்று அடுத்த ஊசி. ஊசி போடுகிற நேரம் ஆகிவிட்டது. "அத்தை, நான் போறேன், உங்க புள்ளய நீங்க பாத்துக்குங்க" என்று போய்விட்டாள்.

பேசிப் பலனில்லை என்று தெரிந்தால் நான் வாயைத் திறக்கிறவள் இல்லை. நேரே உள்ளே போனேன். அந்தப் பெஞ்சில், நடுவில், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

எங்கள் தெருவில் வளையல் கடை வைத்திருக்கிற பெண் மாத்திரை வாங்க வந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். பார்க்காமல் போகிற ஆளா அவள்?

"என்னாம்மா, இந்த வயசுல இந்த வாசல்ல?" என்று கேட்டாள். அவ்வளவு சத்தம் வேண்டியதில்லை.

"ஏன், வயசானா ஒடம்புல ரத்தம் ஓடாதா?" என்றேன். "ரத்தம் பாக்க வந்துருக்கறேன். கேட்டா பாக்கறாங்களாம். நீயும் பாத்துக்க."

அவள் சிரித்தாள். போகப் போனவள் நின்றாள். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரல் இப்போது காதுக்குள் பேசுகிற குரல். "எனக்கு வெள்ளப்படுது, நாறுது. ரொம்ப நாளா. மோருல வெந்தயம் போட்டுக் குடிச்சுப் பாத்துட்டேன். அதுக்கும் இங்கதானா?"

"எனக்கு என்னா தெரியும்? உள்ள கேளு. நான் துணைக்கு இருக்கறேன்."

இதையெல்லாம் என் மகன் தூண் ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். எப்போது உள்ளே வந்தான் என்று தெரியாது. முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"எழுந்திரும்மா" என்றான். "நான் உக்காந்துக்கறேன்."

"ஏன், எனக்கு நல்லாத்தான இருக்குது?"

"எம்மா, எழுந்திருன்றேன்ல."

நகர்ந்து இடம் விட்டேனே தவிர எழுந்திருக்கவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். வளையல்காரி அவனை ஒன்றும் கேட்கவில்லை. அதற்காகவே அவளை எனக்கு இப்போதும் பிடிக்கிறது.

உள்ளே இருந்தது ஒரு டாக்டரும், நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்கிற ஒரு கவுன்சிலர் அம்மாவும். கதவைச் சாத்திக்கொண்டு அவனோடு பேசினார்கள். ரத்தம் எடுத்தார்கள். அவனுக்கும் அதே நோய்தான் இருந்தது. எய்ட்ஸ் கிருமிக்கும் சேர்த்துப் பார்த்தார்கள். அவனுக்கும் அது இல்லை, அவளுக்கும் இல்லை. அதைக் கேட்டபோது நான் என் காலத்தில் கும்பிட்ட சாமியை எல்லாம் ஒரு சுற்று கும்பிட்டேன். மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் துளி போட்டுப் பார்த்துவிட்டு, இடுப்பில் பென்சிலின் ஊசி போட்டார்கள். நொண்டிக்கொண்டு வந்தான்.

"சூளையில நிக்கற ஆம்பள, ஊசிக்கு இப்பிடி நடக்கறீங்க?" என்று மருமகள் அத்தனை பேருக்கு முன்னால் கேட்டாள். அவன் சிரித்துவிட்டான். அந்த ஒரு வாரமாகப் பார்க்காத சிரிப்பு அது.

வளையல்காரிக்கு வேறு ஏதோ தொற்று என்று மாத்திரை கொடுத்தார்கள். குணமாகிற நோய்தானாம். என் ரத்தத்தையும் பார்க்கச் சொன்னேன். வாயால் சொல்லிவிட்டேனே, செய்யாமல் இருக்க முடியுமா? எனக்கு ஒன்றும் இல்லை. ஏழாம் மாதம் போன பிள்ளையைப் பற்றி அந்தக் கவுன்சிலர் அம்மாவிடம் கேட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அது எதனாலன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா. ஆனா நீங்க சூளைக்கிட்ட நின்னதுதான் காரணம்னு இனிமே நெனக்காதீங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

அவனுக்கு அந்தக் கவுன்சிலர் அம்மா ஆணுறையைக் கையில் கொடுத்துப் போடும் விதத்தையும் சொல்லிக் கொடுத்தாளாம். ஊசி எல்லாம் முடிந்து டாக்டர் சரி என்கிற வரை மனைவியிடம் போகக்கூடாது, வெளியூர் போனால் இது இல்லாமல் யாரிடமும் போகக்கூடாது, புண்ணோ எரிச்சலோ வந்தால் வலிக்காவிட்டாலும் வந்து காட்டவேண்டும் என்று சொன்னாளாம். இதெல்லாம் அவன் என்னிடம் சொன்னதில்லை, மருமகள் சொன்னது. "அவங்க சொன்னத அப்பிடியே ஒப்பிக்கச் சொன்னேன் அத்தை, ஒப்பிச்சாரு" என்றாள். வடக்கே நடந்ததைப் பற்றி அவள் கேட்டாளா, அவன் என்ன சொன்னான் என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் உள்ளது. சில நாள் அவள் கண் வீங்கியிருந்தது. சில நாள் அவன் சாப்பிடாமல் வேலைக்குப் போனான். பிறகு பாய் மெல்லப் பக்கத்தில் வந்தது.

ஊசி எல்லாம் தவறாமல் முடிந்தது. ஆனாலும் பிள்ளை பிறக்கிற வரைக்கும் எனக்குப் பயம் விடவில்லை. ஏழாம் மாதம் முழுக்க அவள் படுத்தால் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பேன். "ஒதைக்குது அத்தை, தூங்க வுடுங்க" என்பாள்.

மாதம் நிறைந்து பிறந்தது, பெண். பிறந்ததும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். அது அழுத அழுகையில் வார்டே திரும்பிப் பார்த்தது. முடிவு வருகிற வரை நான் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். பிள்ளை டாக்டர் வந்து உள்ளங்கை, பாதம், வயிறு எல்லாம் பார்த்தார்.

"கொழந்தை நல்லா இருக்கு. நோய்க்கு அறிகுறி எதுவும் இல்ல. வேளைக்கு ஊசி போட்டுக்கிட்டதால தப்பிச்சுது. ஆனா சில மாசம் கூட்டிக்கிட்டு வந்து ரத்தம் பாத்துக்கணும், விட்டுடாதீங்க."

"வருவோம் டாக்டர்" என்று மகன்தான் முதலில் சொன்னான்.

நான் பிள்ளையை வாங்கி மார்பில் வைத்துக்கொண்டேன். கூடத்தில் யாரும் நான் அழுது பார்த்ததில்லை. வீட்டுக்காரர் போனபோதுகூட ஊருக்கு முன்னால் நான் அழவில்லை. அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ, நிற்கவே இல்லை.

"அத்தை, ஜனங்க பாக்குது" என்றாள் மருமகள், அவளும் அழுதுகொண்டே.

"பாக்கட்டும்" என்றேன்.