பி எழுத்தை ஒட்டி ஒரு கட்டம்

குழித்துறையில் கணினி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த வருடங்களில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கடற்கரை ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் கீபோர்டு வாசிப்பேன். பாட்டுத் தாள்கள் கடல் காற்றில் நிற்கவில்லை. அதனால் ஒரு சிறிய மென்பொருள் எழுதினேன். திரையில் பாட்டு வரிகளும், அவற்றுக்கு மேலே கிட்டாருக்கான சுரக்கூட்டுக் குறிகளும், அதாவது கார்டுகளும், வரும்.

என் வீட்டுக் கணினியில் விண்டோஸ். கோயிலில் வைரஸ் தொல்லை தாங்காமல் லினக்ஸ் போட்டிருந்தார்கள். என் மென்பொருள் இரண்டிலும் ஓடியது. ஆனால் எழுத்துருவை அந்தந்தக் கணினியிலிருந்துதான் எடுத்துக்கொண்டது.

திருவிழாப் பூசைக்குக் கோயில் பாடகர் குழுவின் முதன்மைப் பாடகி ஒரு புதுப் பாட்டு எழுதியிருந்தார். பள்ளி ஆசிரியை. ஒத்திகையெல்லாம் என் வீட்டில் நடந்தது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த அவருடைய தம்பி, ஒத்திகை பார்க்காமலே திருவிழா அன்று கிட்டாரோடு வந்து உட்கார்ந்தார்.

நற்கருணை நேரத்தில் பாட்டைத் திரையில் விட்டேன். கெ, கே போன்றவற்றின் கொம்புகள் எல்லாம் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றன. பாடுபவர்களுக்கு வரிகள் மனப்பாடம் என்பதால் அது பெரிதாகத் தெரியவில்லை. மூன்றாவது வரியில் 'பி ஃபிளாட்' வர வேண்டும். சுரத்தை அரைப்படி இறக்கும் அந்த ஃபிளாட் குறி அங்கிருந்த எழுத்துருவில் இல்லை. ஆங்கில பி எழுத்தை ஒட்டி வெறும் கட்டம் நின்றது. கிட்டார் நின்றுபோனது. தம்பி நிறுத்தியதைப் பார்த்து நானும் கையை எடுத்துவிட்டேன். அந்த வரி முழுவதையும் பெண்கள் குரலால் மட்டுமே பாடினார்கள். கோயிலில் இருமல் சத்தம்கூட இல்லை.

பூசை முடிந்ததும் தம்பியிடம் கேட்டேன்.

"கட்டம் போட்டிருந்தா கைய எடுக்கணும்னாக்கும் நான் நெனச்சேன், மக்கா" என்றார்.

பலரும் வந்து, குரல் மட்டும் ஒலித்த அந்த இடத்தைப் பாராட்டினார்கள். எனக்கு அந்தக் கட்டம்தான் கண்ணில் நின்றது.

அடுத்த வாரம் முழுக்க அதே வேலை. ஒரே எழுத்துருவை மென்பொருளோடு சேர்த்து அனுப்பினேன். கொம்பை இடம் மாற்றி வைக்கும் பகுதியையும் கணினியிடம் விடாமல் உள்ளேயே வைத்தேன். ஃபிளாட், ஷார்ப் குறிகளை எழுத்தாக நம்பாமல் கோடுகளாக வரைந்தேன். வீட்டுத் திரையையும் கோயில் திரையையும் படம்பிடித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். புள்ளி பிசகவில்லை.

கோயிலில் பாடகியிடம் காட்டினேன். கொம்புகளைப் பார்த்துத் தலையசைத்தார். மூன்றாவது வரி வந்ததும் விரலை வைத்தார்.

"இந்த வரியில இனி ஒண்ணும் வாசிக்காண்டாம். எங்க சத்தம் மட்டும் போதும்."

ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்த குறியை அங்கேயே அழித்தேன். கொஞ்சம் வலித்தது.

தம்பி திரும்பிப் போகும்போது மென்பொருளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய மடிக்கணினி மூன்றாவது வகை, ஆப்பிள். ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் பேசினார். அங்குள்ள தமிழர்கள் விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளில் அதைப் பார்த்துத்தான் பாடுகிறார்களாம். கொம்பு எங்கே நிற்கிறது என்று கேட்டேன். எழுத்துக்கு முன்னால்தான் என்றார்.