மைக்கில் சொன்ன சேதி

அந்த வார்டில் கவுன்சிலரம்மாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும், அப்புறம்தான் பேச்சு வரும். மற்ற வார்டுகளில் கவுன்சிலர் கண்ணில் படுவதே இல்லை என்று ஜனங்கள் குறைப்பட்டுக்கொண்டிருக்க, இங்கே மட்டும் இவள் கொஞ்சம் வீட்டில் இருந்தால் தேவலை என்றிருந்தது.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நூலகத்து மாடியில் கூட்டம் போடுவாள். எந்தத் தெருவில் குழாய்க்குத் தோண்டப் போகிறார்கள், எந்த விளக்கு ஏன் இன்னும் எரியவில்லை, நகரசபையில் யார் என்ன பேசினார்கள், தான் எதற்குக் கை தூக்கினாள், எதற்குத் தூக்கவில்லை, எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுவாள். அங்கிருக்கும் மைக் நடுநடுவே கீச்சென்று கத்தி எல்லாரையும் முகம் சுளிக்க வைக்கும். முன்வரிசையில் உட்காரும் ஓய்வுபெற்ற தபால்காரர், கூட்டத்தில் எது பேசப்பட்டாலும் சரி, கடைசியில் எழுந்து தெருநாய்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார். வேலையில் இருந்த காலமெல்லாம் கடிபட்ட மனிதர் என்பதால் யாரும் தடுப்பதில்லை.

கவுன்சிலராவதற்கு முன் அவள் தையல் கடை வைத்திருந்தாள். அப்போதைய கவுன்சிலரோடு டீ குடிக்கிறவர்களுக்கு மட்டும் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியும். மற்றவர்கள் காலிக் குடத்தோடு நிற்பார்கள். அவளும் நின்றிருக்கிறாள். அதனால், வார்டு சேதி எதுவானாலும் எல்லார் காதிலும் ஒரே நேரத்தில் விழ வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சே அவளிடம் கிடையாது.

அவளைத் தேர்தலில் நிற்க வைத்ததே அவளுடைய அண்ணன்தான். கால்வாய்க் கரையில் அவருக்கு பைக் பட்டறை. கீழே பட்டறை, மேலே வீடு. தேர்தல் சமயத்தில் பட்டறையைப் பூட்டிவிட்டு, கிரீஸ் போகாத கையோடு வீடு வீடாகப் போனார். “என் தங்கச்சிக்கு வாய் ஓயாது. சின்ன வயசுலேர்ந்து நாங்க பட்ட பாடு போதும், இனிமே நகரசபை படட்டும்” என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார். அவள் ஜெயித்த அன்று எல்லாரும் கவுன்சிலரம்மா என்று கூப்பிட, அவர் மட்டும் வழக்கம்போல “பாப்பா, சாப்பிட்டியா?” என்றார்.

அதற்கு அடுத்த மழையில்தான் அது நடந்தது. பட்டறையைத் தாண்டிக் கால்வாய் வளைகிற இடத்தில் தண்ணீர் கரையை மீறியது. கரையோர வீடொன்றின் கீழ்த்தளத்து அறையில் பேக்கரியில் வேலை பார்க்கும் ஒரு பெண் கைக்குழந்தையோடு குடியிருந்தாள். வெளியே ஏறிய தண்ணீர் கதவை அழுத்திப் பிடித்துக்கொள்ள, உள்ளேயிருந்து அவளால் திறக்க முடியவில்லை. அண்ணன்தான் கடப்பாரையோடு போய் உடைத்தார்; ஆனால் அதற்குள் தண்ணீர் முந்திக்கொண்டது. கவுன்சிலரம்மா இடுப்பளவு தண்ணீரில் அவர் பின்னால் நின்றாள். கதவு விழுந்தபோது பார்த்ததை இரண்டு பேரும் அதன் பிறகு வாய்விட்டுப் பேசியதே இல்லை. ஆனால் அவர் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னாள்.

பொறியாளர்கள் வந்து அளந்தார்கள், போனார்கள், மறுபடி வந்தார்கள். கால்வாயை அகலப்படுத்துவது என்று பொதுவாகத் திட்டம் போட்டார்கள். எந்தப் பக்கம் என்பது மட்டும் இழுபறியாகவே இருந்தது. ஒரு வியாழக்கிழமை நகரசபையில் வரைபடத்தை விரித்தார்கள். வளைவை நேராக்கினால்தான் தண்ணீர் தங்காமல் ஓடும். நேராக்க வேண்டுமானால் அண்ணன் இருக்கும் கரையில் அவர் வீடு உட்பட ஒரு வரிசை வீடுகள் முழுக்கப் போக வேண்டும். மறுகரைக்குத் தள்ள முடியாதா என்று அவள் விடாமல் கேட்டாள். அங்கே அடியில் பாறை, அதோடு இன்னும் நிறைய வீடுகள். பொறியாளர் பொறுமையாக விளக்கினார். வாக்கெடுப்பு வந்தது. அந்தக் கதவு விழுந்த சத்தம் காதிலேயே இருந்தது. அவள் கை தூக்கினாள்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, உடனே போய் அண்ணனிடம் சொல்லிவிடு என்றார். அண்ணனுக்குச் சொன்னால் பக்கத்து வீட்டுக்கு ஏன் சொல்லவில்லை என்று நாளைக்குக் கேள்வி வரும் என்றாள் அவள். வரட்டுமே என்றார் அவர். அவளுக்கு அது பிடிபடவில்லை.

மறுநாள் மனசு கேட்காமல் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி காபி கொடுத்தாள். அண்ணன் மேல் அறைக்குப் பெயிண்ட் அடிக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். எந்த நிறம் நன்றாக இருக்கும் என்று அவளிடமே கேட்டார். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். மழை போகட்டும்ணே, அப்புறம் அடிக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை கூட்டத்துக்கு அண்ணனும் வந்திருந்தார். உடுப்பில் இருக்கும் எண்ணெய் நாற்காலியில் ஒட்டிவிடும் என்று எப்போதும் கதவோரம் நின்றுதான் கேட்பார். அவள் கால்வாய்த் திட்டத்தை விளக்கினாள். கரையோரத்தில் எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை போகிறது என்று சொன்னாள். ஊருக்கு வெளியே கட்டியிருக்கும் அடுக்குமாடியில் மாற்று வீடு தருவார்கள் என்றாள். அன்றைக்கென்று மைக் கத்தவே இல்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். இன்னொருவர் எழுந்து சத்தம் போட்டார். அண்ணன் அவர் அடங்கும்வரை காத்திருந்தார்.

“இது உங்களுக்கு எப்பத் தெரியும், கவுன்சிலரம்மா?”

அவர் வாயிலிருந்து அந்த அழைப்பு இதுவரை வந்ததில்லை. “வியாழக்கிழமைண்ணே.”

“நேத்து வீட்டுக்கு வந்து காபி குடிச்சீங்க.”

“எல்லாருக்கும் ஒரே நேரத்துல சொல்றதுதானேண்ணே நியாயம்.”

“நியாயம்தான்” என்றார் அவர். “கால்வாயை அகலப்படுத்தணும்ங்கறதும் எனக்குத் தெரியும். அந்தக் கதவை உடைச்சவன் நான். ஆனா என் வீடு போகுதுங்கறதை எனக்கு மைக்குலதான் சொல்லணுமா?”

பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போய்விட்டார். அன்றைக்குத் தபால்காரர் நாயைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

வீடு இடிந்தது. அண்ணனுக்கு நான்காவது மாடியில் வீடு கிடைத்தது. மாடியில் எங்கே பட்டறை வைப்பது? கீழே வாகனம் நிறுத்துமிடத்தில் கொஞ்ச நாள் பஞ்சர் ஒட்டிப் பார்த்தார், குடியிருப்போர் ஆட்சேபித்ததும் விட்டுவிட்டார். கவுன்சிலரம்மா அடிக்கடி போனாள். அவள் உள்ளே நுழைந்தால் அவர் பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அண்ணி ஒப்புக்கு எதையாவது பேசிக்கொண்டிருப்பாள். நடந்ததை நினைத்து கவுன்சிலரம்மா மன்னிப்புக் கேட்டாள், அழுதும் பார்த்தாள். பால்கனிக் கதவு திறக்கவில்லை.

அவருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்றும், படி ஏறக்கூடாது என்றும் மருத்துவர் சொன்ன பிறகு ஒருநாள், அவராகவே கூடத்துக்கு வந்து அவள் எதிரே உட்கார்ந்தார்.

“இங்க லிஃப்ட் ஓடறதில்ல. யார்கிட்டச் சொல்லணும்?”

“இது என் வார்டு இல்லண்ணே. ஆனா நான் போய்ச் சொல்றேன்.”

“சொல்லுங்க” என்றார். அந்த ‘ங்க’ அப்படியே இருந்தது. அதன் பிறகு அவர் அவளிடம் வேறெதுவும் பேசவில்லை.

அவள் அந்த வார்டு கவுன்சிலரின் அலுவலகத்துக்குப் போய், மனுக் கொடுக்க வந்தவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, தன் முறை வந்ததும் சொன்னாள். அவர் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டார், ஆளனுப்புகிறேன் என்றார். திரும்பத் திரும்பப் போனாள். ஆட்களும் வந்தார்கள், லிஃப்டிலிருந்து எதையோ கழற்றிக்கொண்டு போனார்கள். அது திரும்பி வருவதற்குள் ஒரு காலையில் அண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. அக்கம்பக்கத்தார் அவரை நாற்காலியில் உட்கார வைத்துப் படிவழியாகத் தூக்கி இறக்கினார்கள். தரைக்கு வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

காரியங்கள் முடிந்த பிறகு அவள் அண்ணியிடம் கேட்டாள், அண்ணன் தன்னைப் பற்றிக் கடைசியில் ஏதாவது சொன்னாரா என்று. அண்ணி பொய் சொல்லிப் பழகாதவள்.

“சொல்லலைம்மா. கோபம் தீர்ந்துதான் போனார்னு நான் எப்படிச் சொல்ல?” என்றாள். பிறகு நாத்தனாரின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. கால்வாய் நிரம்பி ஓடியது, ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் அவள் அதைச் சொன்னபோது ஜனங்கள் கை தட்டினார்கள். அவள் அது அடங்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அடுத்த விஷயமாகக் குப்பை வண்டி வரும் நேரத்தைச் சொன்னாள்.

மறுவருஷம் பேருந்து நிறுத்தத்தை விரிவாக்க, ஒரு வரிசைக் கடைகளை எடுக்க வேண்டும் என்று நகரசபையில் முடிவாயிற்று. சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. அன்று மத்தியானமே அவள் கடைத்தெருவுக்குப் போனாள். தபால்காரர் வழியில் பார்த்து, எல்லாருக்கும் ஒரே நேரம் என்று சொல்லுவீர்களே, அது என்னாயிற்று என்று கேட்டார்.

“போகப்போறது யாரோடதோ, அவங்க முதல்ல கேக்கட்டும்” என்றாள்.

முதல் கடை கண்ணாடி வெட்டுகிறவருடையது. அவள் உள்ளே போய், உட்காரச் சொல்லாமலே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவர் கையிலிருந்த கண்ணாடியை மெதுவாக மேசையில் வைத்தார். பிறகு வாயில் வந்தபடியெல்லாம் திட்டினார். அவளை, அவள் குடும்பத்தை, அவளுக்கு ஓட்டுப் போட்ட தன் கையை. தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. அவர் திட்டி ஓய்ந்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போனாள்.