ஒரே மிதியில் தையலும் கல்லும்

தையல்காரம்மா தன் தம்பிக்கு எட்டாயிரம் தர வேண்டியிருந்தது. ஒரு முழம் நூலுக்குக்கூட யாரிடமும் கடன் சொல்லாத மனுஷி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, பன்னிரண்டு வயதில் பொத்தானுக்குக் காஜா எடுக்க உட்கார்ந்து, தன் கைக்காசில் தன் மிஷினை வாங்கியவர். ஆள் படியேறி வரும்போதே அளவு தெரிந்துவிடும் அவருக்கு. டேப் எடுத்துச் சுற்றுவதெல்லாம் வந்தவர் மனம் கோணாமல் இருக்கத்தான். இவர் வெட்டிய கோட்டைப் போட்டுக்கொண்டு போன மாப்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இன்றைக்குப் பேரன் பேத்தி இருக்கிறார்கள்; கோட்டு இன்னும் கிழியவில்லை. அப்பேர்ப்பட்டவர் கடன்பட்டது அடைத்துப்போன ஒரு குழாய்க்காக. குழாய் அடைத்துக்கொண்டது கல்லால்.

அந்தக் கதை ஒரு பேண்ட் பையில் தொடங்கியது. இடுப்பைப் பிடித்துத் தைக்க வந்த பேண்ட்டுக்குள் ஒரு கூழாங்கல் கிடந்தது. பேண்ட்டை வாங்கிக்கொண்டு போனவர் கல்லைக் கேட்டு வரவில்லை. ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு, நடுவில் தேன் நிறத்தில் ஒரு கோடு. முழுக் கல்லும் வழவழவென்று ஆகிவிட்டால் அந்தக் கோடு எப்படித் தெரியும் என்று அம்மாவுக்கு ஒரு எண்ணம் வந்தது. எண்ணம் வந்தால் விடுகிற ஆள் அவர் இல்லை. இரும்புக்கடைக்காரரைக் குடைந்து எடுத்து விஷயத்தைக் கறந்துவிட்டார். பழைய மின்விசிறி மோட்டார் ஒன்று, ரப்பர் சுற்றிய இரண்டு இரும்புத் தண்டுகள், அவற்றின் மேல் படுத்தபடி உருள ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் ஜாடி. ஜாடிக்குள் கல், தண்ணீர், சாணைத் தூள். வாரக்கணக்கில் உருள வேண்டும். தூளையும் கரடுமுரடிலிருந்து நைஸ் வரை நான்கு தரம் மாற்ற வேண்டும். நான்குக்கும் அவரே பெயர் வைத்தார்: வெட்டு, ஓட்டுத் தையல், மிஷின் தையல், இஸ்திரி. கடைசி இஸ்திரிக்குக் கல்லோடு கல் மோதிக் கீறாமல் இருக்க உடைந்த பொத்தான்களைக் கைநிறைய அள்ளிப் போட்டார். அதை யாரும் சொல்லித் தரவில்லை. சொந்த மூளை.

ஜன்னல் மேடையில் கண்ணாடி ஜாடிகள் வரிசையாக நிறைந்தன. ஈரம் காயாதது போலவே பளபளக்கும் கற்கள். தம்பி மனைவி கீழ்வீட்டிலிருந்து துணி காயப்போட மாடிக்கு வரும்போதெல்லாம், அண்ணி கல்லுக்கெல்லாம் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு விடுகிறார்கள், பொட்டு வைக்காததுதான் பாக்கி என்று சிரிப்பாள். அம்மா காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

செய்த தப்பு ஒன்றே ஒன்று. ஒவ்வொரு முறையும் ஜாடியைக் கழுவிய சேற்றுத் தண்ணீரைக் குளியலறைத் துளையில் ஊற்றினார். துணி அலசிய தண்ணீர் போகிற வழியில் இதுவும் போகும் என்று கணக்கு. போகவில்லை. கல்மாவு குழாய்க்குள் படிந்து, சிமெண்டாக இறுகி, ஒரு நாள் காலையில் தம்பி தலைக்குச் சோப்புப் போட்டு நிற்கும்போது, தண்ணீர் நுரையோடு கூடம் வரை நடந்து வந்தது. குழாய்க்காரர் தரையை உடைத்தார். உள்ளேயிருந்து குழாயின் அச்சு அசலாக ஒரு கல் குழாயையே உருவி எடுத்தார். தம்பி எட்டாயிரம் கொடுத்து அனுப்பினார்.

தப்பு என்னுது, பணம் உன்னுது, வருஷம் முடியறதுக்குள்ள கைக்கு வரும் என்று அம்மா சொல்லிவிட்டார். தம்பி அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் மனிதர். வாய் வார்த்தையோடு விடுவாரா? மாடி அறை அக்காவுடையது, ஆனால் மீட்டர் தம்பியுடையது. மாடிக்கு வரும் பிளக் பாயிண்ட்டின் ப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடன் தீரும்வரை உருட்டலுக்குக் கரண்ட் இல்லை, வருஷம் முடிந்தும் தீராவிட்டால் அந்தத் தண்டு, மோட்டார், ஜாடி எல்லாம் பழைய இரும்புக்காரருக்கு. அம்மா சரி என்றார். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

ஆனால் அப்போது ஜாடிக்குள் ஒரு ஈடு பாதியில் இருந்தது. அந்தப் பேண்ட் பைக் கல்லும் அதில்தான் இருந்தது. கைப்பழக்கம் வரட்டும் என்று இத்தனை நாள் தள்ளி வைத்து, கடைசியாகப் போட்டிருந்தார். நாள்கணக்கில் உருளாமல் நின்றால் குழாயில் நடந்தது ஜாடியிலும் நடக்கும், கல்லெல்லாம் ஒரே கட்டியாக இறுகிவிடும். அன்று முழுக்க ஜாடியைத் தரையில் போட்டுக் காலால் உருட்டிக்கொண்டே காலர் தைத்தார். மறுநாள் காலையில் மிஷினின் கீழ்ச்சக்கரத்தைப் பார்த்தார். மோட்டார் வைத்துக்கொள்ளச் சொன்னவர்களையெல்லாம் விரட்டிவிட்டுக் காலால் மிதித்தே காலம் தள்ளிய மிஷின். அதே சக்கரத்தில் இரண்டாவதாக ஒரு தோல் பெல்ட்டை மாட்டி, இரும்புத் தண்டோடு இணைத்தார். மிதித்தால் மேலே ஊசி ஓடியது, பக்கத்தில் ஜாடி உருண்டது. கரண்ட்டும் இல்லை, காசும் இல்லை. கொடுத்த வாக்கை மீறவும் இல்லை.

வாடிக்கையாளர்கள் என்ன சத்தம் என்று கேட்டார்கள். மிஷினுக்குக் கல்லடைப்பு, வைத்தியம் நடக்கிறது என்றார்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. காலர், கைமடிப்பு, ஜாக்கெட் கழுத்து என்று நுணுக்க வேலை எல்லாம் நின்று நின்று ஓடும். ஊசி நின்றால் ஜாடியும் நின்றது. பாபினில் நூல் சுற்றும்போது செய்வது போல மேல்சக்கரத்துத் திருகைத் தளர்த்தி, ஊசியை நிறுத்தி வைத்து, சும்மா மிதித்துப் பார்த்தார். கல் உருண்டது, ஆனால் துணி காத்திருந்தது. துணி காத்திருந்தால் கடன் எங்கே தீரும்? மாதங்கள் ஓடின, தகர டப்பாவில் பாதிப் பணம்கூடச் சேரவில்லை. முழங்கால் வீங்கியதுதான் மிச்சம்.

இந்த நேரம் பார்த்துத் தம்பி, மீன்தொட்டிக் கடைக்காரர் ஒருவரை மாடிக்கு அழைத்து வந்தார். கடைக்காரர் ஜன்னல் மேடையின் முன்னால் அசந்துபோய் நின்றார். மொத்தத்துக்கும் பத்தாயிரம் என்றார்.

"எட்டு எனக்கு, ரெண்டு உனக்குக்கா. பிரச்சினை முடிஞ்சுது" என்றார் தம்பி.

"விலைக்கு இல்லப்பா."

கடைக்காரர் சங்கடமாகச் சிரித்து, இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டுத் தருவதாகச் சொன்னார்.

"உங்க மீனுக்குச் சட்டை வேணும்னா சொல்லுங்க, அளவெடுக்காமலே தைச்சுத் தரேன். கல்லு கிடையாது."

கடைக்காரரை அனுப்பிவிட்டுத் தம்பி திரும்பவும் மேலே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"விக்கவும் மாட்டே, கழுத்துல கோத்துப் போட்டுக்கவும் மாட்டே. அப்புறம் எதுக்குக்கா இந்தக் கருமம்?"

அம்மா மிதிப்பதை நிறுத்தவில்லை.

"டேய், பன்னெண்டு வயசுல இருந்து தைக்கறேன். தைச்சது அத்தனையும் அடுத்தவங்க உடம்புல ஏறி இந்தப் படியிறங்கிப் போயிடுச்சு. ஒண்ணு திரும்பி வந்து என்னைப் பார்த்ததில்ல. நான் செஞ்சு என்கிட்டயே உட்கார்ந்திருக்கறது இந்தக் கல்லு மட்டும்தான். இதையும் மீனுக்கு அனுப்பணுமா?"

"அப்போ என் கடனு?"

"அதுக்குக் காலு இருக்கு."

தம்பி வீம்பு வீம்பு என்று முனகிக்கொண்டே இறங்கிப் போனார். வருஷக் கடைசிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று படியில் நின்று ஒருமுறை சொல்லிவிட்டும் போனார்.

அன்று அம்மா ஒரு படுக்கை விரிப்பின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரி கெஞ்சிக் கேட்டதால் எடுத்த வேலை. நேர்த்தையல். இந்தக் கோடியில் மிதிக்கத் தொடங்கினால் அந்தக் கோடிவரை கால் நிற்காது. ஜாடிக்குள் கற்கள் ஒரே தாளத்தில் மழை பெய்வது போலச் சரிந்துகொண்டே இருந்ததைக் கேட்டபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது. இவ்வளவு காலம் விரிப்பும் திரைச்சீலையும் அவர் கையால் தொடாத வேலை. ஸ்கேல் பிடிக்கத் தெரிந்தவனெல்லாம் தைப்பான், அதற்கு நான் எதற்கு என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். மறுநாள் பேருந்து நிலையத்தருகே புதிதாகக் கட்டிய விடுதிக்குத் தானே போய் நின்றார். கோட்டு வெட்டும் அம்மாவா திரைச்சீலை கேட்டு வருவது என்று மேலாளர் வாயைப் பிளந்தார். இருக்கிற ஜன்னல் அத்தனைக்கும் எனக்கே கொடு என்றார் அம்மா. கூலியைக் குறைத்துக் கேட்கவும் இல்லை, மேலாளர் குறைக்கத் துணியவும் இல்லை.

அப்புறம் மாடியில் சத்தம் நிற்கவே இல்லை. ஆள் உயரத் துணி ஒன்று முடிந்ததும் அடுத்தது. பெல்ட் ஒருமுறை அறுந்தது; கம்பி கோத்து மறுபடி மாட்டினார். ஓட்டுத் தையல் முடிந்து, மிஷின் தையல் முடிந்து, ஒவ்வொரு கல்லையும் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி இஸ்திரிக்குப் போட்டார். முன்கட்டத்துத் தூள் ஒரு பொட்டு ஒட்டியிருந்தாலும் அத்தனை கல்லிலும் கோடு விழும். கழுவிய சேறு இந்த முறை துளைக்குள் போகவில்லை; வாளியில் தெளியவைத்து, காயவைத்து, காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டார். ஊரார் பேசிக்கொண்டார்கள், பாவம், கடனுக்காக அந்தம்மா திரைச்சீலைக்கு இறங்கிவிட்டார் என்று. அம்மா சிரித்துக்கொண்டார். கடனுக்காக இறங்குகிற ஆளா அவர்? கல்லுக்காக இறங்கினார். கடன் அதோடு சேர்ந்து வந்தது.

விடுதிக்காரர் பணத்தைத் தீர்த்த அன்று அம்மா ஜாடியையும் திறந்தார். பேண்ட் பைக் கல்லை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தேன் கோடு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது. அதைப் பார்த்தபடியே தம்பியைக் கூப்பிட்டார்.

தம்பி வந்தார். சட்டைப் பையில் ப்யூஸ் இருந்தது. வருஷம் முடிய இன்னும் நாள் இருக்கிறதே என்று ஏதோ சொல்ல வந்தவர், மேசைமேல் அந்தக் கல்லைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எடுத்தார், விரலால் உருட்டினார், கண்ணருகே கொண்டு போனார்.

"இது நிஜமாவே நம்ம தெருவுல கிடக்கிற கல்லாக்கா?"

"எவனோ பேண்ட்டுல விட்டுட்டுப் போனது."

"ஒண்ணே ஒண்ணு நான் வச்சுக்கட்டுமா?"

"கல்லைக் கீழ வை. ப்யூஸையும் வச்சுட்டுப் போ. மாட்டறதும் மாட்டாததும் என் இஷ்டம்."

தம்பி இரண்டையும் மேசைமேல் வைத்தார். கல்லிலிருந்து கையை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இப்போ கையை நீட்டு. நல்லா விரிச்சு நீட்டு."

தம்பி நீட்டினார். தையல்காரம்மா தகர டப்பாவைத் திறந்து, விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஆயிரத்தையும் சத்தமாகச் சொல்லி, விரிந்த அந்த உள்ளங்கையில் எட்டு வரை எண்ணி வைத்தார்.