சோப்பு டப்பாவும் பிஸ்கட் டின்னும்

எனக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது என்று சொன்னவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் என் நைனா, அதாவது என் அப்பா. மற்றவர்கள் எல்லோரும், நான் வாசிப்பது கேட்கவில்லை என்றுதான் சொன்னார்கள். அது இன்னும் மோசம். தப்பாக வாசிக்கிறான் என்றால் சண்டைக்குப் போகலாம். கேட்கவில்லை என்பவனிடம் என்ன பேசுவது?

எழுபதுகளின் பிற்பாதி அது. அருப்புக்கோட்டையில் எங்கள் மெல்லிசைக் குழுவுக்குக் கல்யாணம், கோயில் பொங்கல் என்று வேலை வந்துகொண்டிருந்தது. குழுவை நடத்தியவர் பகலில் பஞ்சு ஆலையில் கணக்கு எழுதுவார், சாயந்தரமானால் பாடகர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். என்னுடையது சாதாரண மரக் கிதார். டேப் ரெக்கார்டர் மைக் ஒன்றின் தலையைக் கழற்றி, கிதாரின் வயிற்றுக்குள் தொங்கவிட்டு, ஆம்ப்ளிஃபயருக்கு வயர் இழுத்திருந்தேன். மெதுவாக மீட்டினால் தபேலாவுக்கு அடியில் புதைந்துபோகும். ஓங்கி மீட்டினால் தெருமுனையில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கர் கர்ரென்று அலறும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறதாம். என் விரல்களுக்கு அது கடைசிவரை அகப்படவில்லை.

திருச்சுழியில் ஒரு கல்யாணத்தில், பெண்ணுக்குத் தாய்மாமன் முறையுள்ள ஒருவர் மேடைக்கே வந்து, "தம்பி அந்தப் பொட்டிய சும்மா மடியில வச்சிருக்காகளா, இல்ல வாசிக்கிறாகளா?" என்று கேட்டுவிட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் மாஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தால் நல்ல செய்தி வராது.

"தம்பி, கோவிச்சுக்கிராதீக. மதுரையில ஒரு பையன் இருக்கான், நல்லா வாசிக்கிறான். வர்ற முகூர்த்தத்துல ஒங்க தெருக் கல்யாணம் வருதுல்ல, அது வரைக்கும் பாப்பேன். கிதாரு ஒரே சீராக் கேட்டுச்சுன்னா நீங்க இருங்க. இல்லேன்னா அவன வரச் சொல்லீருவேன்."

நாங்கள் நெசவுக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, வாசல் தாண்டினால் தமிழ். நைனாவிடம் விஷயத்தைச் சொன்னபோது தறியை நிறுத்தாமலே தெலுங்கில் தீர்ப்புச் சொன்னார். தமிழில் அதன் சாரம் இதுதான்: நல்லதாகப் போயிற்று, கிதார் பரணுக்கு, நீ தறிக்கு. எனக்குத் தறிமேல் பகை ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தக் கிதார் பரணில் ஏறி, அண்டாவுக்கும் உடைந்த நாற்காலிக்கும் நடுவே கிடப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அன்று நான் சாப்பிடவில்லை.

அழுவதற்கு எனக்கு ஒரே இடம் நண்பனின் ரேடியோக் கடை. பரளச்சிப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை அவன். வானம் பார்த்த காட்டை அண்ணன்மாரிடம் விட்டுவிட்டு ரேடியோவை நம்பி டவுனுக்கு வந்தவன். கல்யாணங்களுக்கு மைக் செட் கட்டுகிறவனும் அவன்தான். நான் போனபோது வீரசோழன் ஊர் வியாபாரி ஒருவரின் வெளிநாட்டு கேசட் ரெக்கார்டரைப் பழுது பார்த்து முடித்திருந்தான். சரியாகப் பதிகிறதா என்று பார்க்க, நாங்கள் பேசியதையே பதிந்து போட்டுக் காட்டினான். மைக்குக்கு முன்னால் அவன் கத்தியிருந்தான். மூலையில் சுருண்டு கிடந்த நான் முனகியிருந்தேன். இரண்டும் ஒரே அளவில் கேட்டன. நாங்கள் பேச்சை நிறுத்திய இடத்தில், எதிர் மாடியில் உட்கார்ந்திருந்த காக்கை எங்கள் மடியில் உட்கார்ந்து கத்துவதுபோல் வந்தது.

"பாத்தியாலே! கத்துனா அமுக்குது, மொனங்குனா தூக்கிவிடுது. ஒன் கிதாருக்கு இதுதான்லே மருந்து!" என்று குதித்தான்.

நானும் குதித்தேன். அந்தக் காக்கையை மட்டும் இரண்டு பேரும் மறந்துபோனோம்.

மருந்து ஒன்று என்றாலும் வைத்தியர் இரண்டு பேர். ரெக்கார்டருக்குள் இருந்த அந்தப் பகுதியை அப்படியே பார்த்து டிரான்சிஸ்டர் வைத்துக் கட்டலாம் என்றான் அவன். எனக்கு வேறு யோசனை. போட்டோ ஸ்டுடியோவில் வெளிச்சம் அளக்கும் மீட்டர் ஒன்று கெட்டுக் கிடந்ததைக் கேட்டு வாங்கினேன். அதற்குள் ஒரு சின்ன வில்லை உண்டு. வெளிச்சம் பட்டால் மின்சாரத்தைத் தாராளமாக விடும், இருட்டில் விடாது. அதற்கு எதிரே ஒரு டார்ச் பல்பை வைத்தேன். கிதார் ஓங்கி ஒலித்தால் பல்பு எரியும். பல்பு எரிந்தால் வில்லை அந்தச் சத்தத்தை வேறு வழியாக வடித்துவிடும். சத்தம் தானாக அடங்கும். நினைக்க நினைக்க எனக்கே என்மேல் மரியாதை கூடியது.

"கிதாருக்கு எதுக்குலே டார்ச் லைட்டு? சுதிய இருட்டுல தொலச்சிட்டியா?" என்றான் அவன்.

அதோடு போட்டியாகிவிட்டது. அவன் தன்னுடையதைப் பிஸ்கட் டின்னில் கட்டினான். பல்பும் வில்லையும் முகம் பார்த்து உட்காரத் தோதாக இருந்ததால் எனக்கு எங்கள் வீட்டு ரோஸ் நிற சோப்பு டப்பா. அதற்குப் பிறகு எங்கள் குளியலறையில் சோப்பு, தேங்காய்ச் சிரட்டையில் குடியிருந்தது. டப்பா எங்கே என்று அம்மா தினமும் கேட்டார். எனக்குத் தெரியாது என்று தினமும் சொன்னேன். என் சட்டையெல்லாம் சோப்பும் ஈயப் பற்றும் சேர்ந்து வாசம் வீசியது.

இரண்டும் முடிந்ததும் ஒப்பிட்டுப் பார்த்தோம். பக்கத்து சைக்கிள் கடைக்காரர்தான் நடுவர். கண்ணை மூடச் சொன்னோம். எந்தப் பெட்டி என்று சொல்லாமல் மாற்றி மாற்றி மாட்டி, ஒரே மெட்டை மெதுவாகவும் ஓங்கியும் வாசித்தேன். அவனுடைய டின் சட்டென்று பிடித்தது. ஆனால் ஓங்கி அடித்தால் ஒரு மடக்கு விழுங்கிவிட்டுத்தான் சத்தத்தை வெளியே விட்டது. என்னுடையது நிதானமாக அமுக்கி, நிதானமாக விட்டது. கம்பி ஒலி தேய்ந்து மறையும்போது எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா! இதை நான் நடுநிலையோடுதான் சொல்கிறேன்.

"அண்ணே, எது நல்லாருக்கு?" என்றான் நண்பன்.

சைக்கிள் கடைக்காரர் கண்ணைத் திறந்தார். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. சுதி சேத்தது போதும், எப்ப வாசிக்க ஆரம்பிப்பீக?"

தீர்ப்பு அப்படிக் கெட்டுப்போனதால் எங்களுக்குள் பேச்சு தடித்தது. கடைசியில், கிதார் என்னுடையது, ஆகவே பெட்டியும் என்னுடையதுதான் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று எங்கள் தெருவில் பந்தல், பந்தலின் ஒரு கோடியில் மேடை. அடுத்த தெருவில் பந்தி நடந்துகொண்டிருந்தது. இரண்டு தெருவுக்கும் கேட்கும்படி முனை வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர். நண்பன் மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயரோடு, என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். சோப்பு டப்பாவைக் காலடியில் வைத்தேன். முதல் பாட்டு தொடங்கியது. கை நிறைய மீட்டினேன். கிதார் இல்லை. பிறகு வந்தது. பிறகு மறுபடி இல்லை.

மேடை விளிம்பு முழுக்கச் சிவப்பும் பச்சையுமாய் சீரியல் பல்பு. எரிவதும் அணைவதுமாக இருந்தது. என் டப்பாவோ வெளிச்சம் புகும் பிளாஸ்டிக். நாங்கள் சோதித்ததெல்லாம் பழைய ரேடியோக்கள் கூரைவரை அடுக்கிய அந்த இருட்டுக் கடையில். இங்கே சீரியல் பல்பு எரிந்தால் வில்லை என் சத்தத்தை வடித்துவிட்டது, அணைந்தால் விட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் இதைப் புது வித்தை என்று நினைத்துக் கைதட்டினார்கள். மாஸ்டர் பாடிக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் மதுரை பஸ் தெரிந்தது.

தோளில் கிடந்த துண்டைக் குலுக்கிக் கீழே விழவிட்டு, காலால் இழுத்து டப்பாவின் மேல் போர்த்தினேன். கிதார் வந்தது. உயிரும் வந்தது. உடனே பெண் வீட்டுக்காரர் ஒருவர், அவர் நல்லாயிருக்கட்டும், துண்டு கீழே விழுந்துவிட்டது என்று குனிந்து எடுத்து, உதறி, மடித்து, என் தோளிலேயே போட்டுவிட்டுப் போனார். மறுபடி போர்த்தினேன். மறுபடி வந்து எடுத்துப் போட்டார். மரியாதை தெரிந்த குடும்பம், என்ன செய்ய?

அந்தப் பாட்டு முடிந்ததும் நண்பன் மேடை ஏறினான். சோப்பு டப்பாவைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிஸ்கட் டின்னை மாட்டிவிட்டு இறங்கிப் போனான். அவன் நடையைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அடுத்த பாட்டு! பொய் சொல்லக் கூடாது. மெதுவாகத் தொட்டாலும் கேட்டது, ஓங்கித் தொட்டாலும் உடையவில்லை. தபேலாவுக்கு மேலே, பாட்டுக்குக் கீழே, எனக்கென்று ஒரு இடத்தில் கிதார் நிமிர்ந்து நின்றது. என் வாசிப்பை நானே முதல்முறையாகக் கேட்டேன். கண் கலங்கிவிட்டது. பாட்டு முடிந்ததும் கிதாரை நாற்காலியில் சாய்த்துவிட்டு, கலர் சோடா குடிக்க மேடைக்குப் பின்னால் போனேன்.

முதல் மடக்குக் கூட இறங்கவில்லை. வேப்பமரத்திலிருந்து மாஸ்டரின் குரல் வந்தது.

"இந்தத் தம்பி இன்னைக்கோட சரி. மதுரைப் பையனுக்குச் சொல்லி விட்டாச்சு."

பாட்டு இல்லாத நேரம் பார்த்து அவர் தபேலாக்காரரிடம் குனிந்து ரகசியம் பேசியிருக்கிறார். குனிந்த இடத்தில் என் கிதார். அதன் வயிற்றுக்குள் மைக். வயரின் மறுமுனையில், முனகினால் தூக்கிவிடும் பிஸ்கட் டின். எதிர் மாடிக் காக்கை என் வாழ்க்கையில் இரண்டாம் முறையாகக் கத்திக்கொண்டிருந்தது.

"இப்ப நல்லாத்தான வாசிச்சாரு?" இது தபேலாக்காரர், தெரு முழுக்க.

"அட, நீ வேற. அவனா வாசிச்சான்? பொட்டி வாசிக்கிது. இப்பச் சொல்லாத, மொகத்தத் தூக்கிக்கிருவான்."

பந்தலில் எல்லோரும் மேடையைத் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் மட்டும் ஒன்றும் தெரியாமல் அடுத்த பாட்டுக்குத் தொண்டையைச் செருமினார். அதுவும் வேப்பமரத்தில் இடி போலக் கேட்ட பிறகுதான் தலை நிமிர்ந்தார்.

அப்படியே கலர் பாட்டிலோடு வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். அப்போது பந்தித் தெருவிலிருந்து ஒருவர் விறுவிறுவென்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். வலது கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். விரலெல்லாம் சாம்பாரும் சோறும். பாதி இலையில் எழுந்து வந்திருக்கிறார். என் நைனா.

மேடை ஏறி, என் நாற்காலிக்கு முன்னால், சரியாகக் கிதாருக்கு எதிரே நின்றார்.

"அவனுக்கு வாசிக்க வராதுன்னு வீட்ல தெனமும் நான் சொல்றேன். பெத்தவன், சொல்லுவேன். நீங்க எப்படிச் சொல்லலாம்?"

"அண்ணாச்சி, சத்தம் வெளிய போகுது," என்றார் மாஸ்டர், வாயைப் பொத்திக்கொண்டு. அதுவும் வெளியே போனது.

"போகட்டும்! இப்ப ஒரு பாட்டு வாசிச்சான்ல? அடுத்த தெருவுல, பந்தியில உக்காந்திருக்க எனக்கு ஒவ்வொரு கம்பியும் கேட்டுச்சு. பக்கத்துல நிக்கிற ஒங்களுக்குக் கேக்கலையா? பொட்டி வாசிக்கிதாம்ல. அவன எறக்கிட்டு, பொட்டிய மட்டும் நாக்காலியில வச்சு ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லுங்க, பாப்போம்!"

"அது நான் செஞ்ச பொட்டி!" என்று கீழேயிருந்து நண்பன் கத்தினான். அந்த நேரத்திலும் அவனுக்கு அது முக்கியம்.

கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. அப்போதுதான் நைனாவுக்கு மரத்திலிருந்து யாரோ தன்னைப் போலவே பேசுவது உறைத்தது. பேச்சை நிறுத்திவிட்டு வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார். கையைப் பார்த்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிக் கை கழுவப் போய்விட்டார்.

மதுரைப் பையன் வரவில்லை. மாஸ்டர் நல்லவர்தான், மறுநாளே ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். இல்லாவிட்டாலும் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. பந்தல்குடி டீக்கடை வரை கதை போய்விட்டது. அதற்குப் பிறகு எங்கள் மேடையில் என் பக்கத்தில் நின்று யாரும் யாரைப் பற்றியும் பேசியதில்லை. அடுத்த பாட்டு எது என்பதைக்கூட மாஸ்டர் கையால்தான் காட்டுவார்.

"அவரு பேசுறப்ப ஏம்லே நீ சத்தத்தக் கொறைக்கல?" என்று பிற்பாடு நண்பனைக் கேட்டேன்.

"கொறைச்சேன்லே. பொட்டி தூக்கிவிட்ருச்சு," என்றான்.

சுத்தப் பொய். கிதாரின் சத்தம் முதலில் பெட்டிக்குள் போய், அதற்குப் பிறகுதான் ஆம்ப்ளிஃபயருக்கு வரும். குமிழை அவன் திருகியிருந்தால் எந்தப் பெட்டியாலும் தூக்கியிருக்க முடியாது. இது அவனுக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. சோப்பு டப்பாவின் குடலை எடுத்து அவன் டின்னுக்குள்ளேயே வைத்து மூடி, இருட்டிலே அது எவ்வளவு இதம் என்று மட்டும் அவனுக்குக் காட்டினேன். டப்பா அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில், நைனா தறியில் இருந்தார். நான் கிதாரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் தறியை நிறுத்திவிட்டு, என் பக்கத்தில் கிடந்த பிஸ்கட் டின்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"அது அணைஞ்சிருக்கா?" என்று தெலுங்கில் கேட்டார்.

"பேட்டரிக் கட்டையக் கழட்டிட்டேன் நைனா."

அப்படியும் நம்பாமல் கழுத்தை நீட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நேத்து ரெண்டாவது கம்பி கொஞ்சம் தொய்வா இருந்துச்சு."

சொல்லிவிட்டுத் தறியை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். நான் கம்பியைத் தட்டிப் பார்த்தேன். தொய்ந்துதான் இருந்தது.