எடைமேடைக்கு ஒரு பூட் சி.டி.

கம்ப்யூட்டர் சர்வீஸ்ல பாதி வேலை மிஷினோட. மீதி, அதை நம்பி இருக்கிற மனுசரோட. இதே பொழப்புல மாட்டிக்கிட்ட அண்ணாச்சிமாருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்ல. கோவில்பட்டியில நானும் கூட்டாளி வேலுச்சாமியும் கடை வச்சிருக்கோம். எங்களை ஆட்டிவச்ச ஒரே ஒரு மிஷினைப் பத்தி மட்டும் சொல்லுதேன்.

மக்காச்சோள சீசன்

எட்டயபுரம் ரோட்டுல சண்முகத்தாய் அக்கா தனியாளா எடைமேடை நடத்துதாங்க. இடி இறங்கி யு.பி.எஸ்ஸும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்து போச்சு. யு.பி.எஸ் இல்லாததால கம்ப்யூட்டரை நேரா சுவர் பிளக்குல செருகினேன். புது டிஸ்க் போட்டா, பழைய போர்டு அதை ஏறெடுத்தும் பாக்கல. மிஷின் கண்ணு முழிச்சதும் முதல்ல ஓடுத சின்ன புரோகிராம்தான் பயாஸ். அதைப் புதுசாக்கினாத்தான் டிஸ்க்கை ஏத்துக்கிடும். ஆனா மாத்தும்போது கரண்ட் போனா போர்டு செத்துப்போயிரும். எடை காட்டுத கார்டு வேற எந்த போர்டுலயும் பொருந்தாது.

வெளிய சோளம் ஏத்தின டிராக்டர்கள் வரிசையா நிக்குது. அக்கா முகம் வெளிறிப்போச்சு. "இந்த சீசனை விட்டா அடுத்த அறுவடைவரை ஈ ஓட்டணும் தம்பி, பாத்துச் செய்யுங்க."

வேலுச்சாமி எழுதின சி.டி.

டிஸ்க் இல்லாம மிஷினைக் கிளப்பித்தான் பயாஸை மாத்தணும். பிளாப்பி டிரைவ் தூசி தின்னே செத்துப்போச்சு. பென் டிரைவ்ல இருந்து கிளம்ப அந்த போர்டுக்குத் தெரியாது. சி.டி.யில இருந்தே மிஷினைக் கிளப்பணும். அதுக்குத்தான் பூட் சி.டி. எழுதிட்டு வான்னு வேலுச்சாமியைக் கடைக்கு அனுப்பினேன்.

கொண்டாந்து போட்டா, கருப்புத் திரை. பொட்டலத்தைப் பிரிக்காமலே அடுப்புல போட்ட கணக்கா, இமேஜ்ங்கிற அந்தக் கட்டை விரிச்சு எழுதாம ஒத்தை ஃபைலா காப்பி பண்ணியிருக்கான் மூதேவி. கேட்டா துளி அசரல. "ஃபைலு உள்ள பத்திரமாத்தான இருக்கு அண்ணாச்சி, மிஷினுக்குத்தான் பொறுமையில்ல."

வீணாப்போனது வீணில்ல

எரிச்சல்ல அந்த சி.டி.யை ஜன்னல் வழியா வீசினேன். டிராக்டர்ல காத்திருந்த இடைசெவல் ஊர்க்காரர் ஒருத்தர் அதை எடுத்து, வெயில்ல திருப்பித் திருப்பிப் பாத்தார். நம்ம பக்கம் வெள்ளாமைக் காட்டுல கயித்துல சி.டி. கட்டித் தொங்கவிட்டா குருவி அண்டாது. மனுசன் வாயெல்லாம் பல்லா ஜன்னல்கிட்ட வந்துட்டார். "இதுமாதிரி இன்னும் நாலஞ்சைக் கெடுத்துக் குடுங்க அண்ணாச்சி, கம்பு கதிர் பிடிச்சிருக்கு."

பொட்டு

ரெண்டாவது சி.டி.யை நானே போய் எழுதிக் கொண்டாந்தேன். அக்கா அதை வாங்கி சாமி படத்துக்கு முன்னால வச்சுக் கும்பிட்டுத் தந்தாங்க. டிரைவ்ல போட்டா கர்ரு கர்ருன்னு ஒரே முக்கல். வெளிய இழுத்தா, பளபளக்குற பக்கத்துல சந்தனம், அதுமேல குங்குமம்! துடைச்சுக்கிட்டே, "என்னக்கா இது?"ன்னேன். "பொட்டை முகத்துலதான தம்பி வைப்பாங்க, முதுகுலயா வைப்பாங்க?"

கரண்ட் கேரண்டி

அப்டேட்டை ஆரம்பிக்குமுன்ன, பழக்கமான லைன்மேனுக்குப் போன் போட்டேன். கரண்ட் போச்சுன்னா ஒரு பொம்பளையோட பொழப்பே போயிரும்னு விவரமாச் சொன்னேன். மனுசன் நல்லவர். "இன்னைக்கு நாங்க எந்தக் கம்பத்துலயும் ஏறல, தைரியமாச் செய்யும்வே."

சூடம்

ஆரம்பிச்சேன். திரையில கோடு மெதுவா நகருது. பாதி தாண்டுச்சு. பின்னால அக்கா காரியம் ஜெயிக்கணும்னு சூடம் ஏத்தினாங்க. டேபிள் ஃபேன் காத்துல அது அணையப் பாத்துச்சு. ஃபேன் திருகு என்னைக்கோ உடைஞ்சதால, நிறுத்தணும்னா மிஷினுக்கும் சேர்த்து இருக்கிற சுவர் சுவிட்சைத் தட்டுததுதான் அங்க வழக்கம். யு.பி.எஸ் இருந்தவரை அதனால மிஷினுக்கு ஒண்ணும் ஆனதில்ல.

டக்.

ஃபேன் நின்னுச்சு, திரையும் இருண்டுச்சு. சுவிட்சைப் போட்டு, மிஷின் பட்டனை அமுக்கி அமுக்கிப் பாத்தேன், உசுரு இல்ல. வெளிய முன்னால நின்ன டிராக்டர் பொறுமை இழந்து கழுகுமலை ரோட்டுல இருக்கிற இன்னொரு எடைமேடைக்குத் திரும்பிட்டு இருந்துச்சு. அக்கா கண்ணை மூடி மிஷினுக்கு மூணு சுத்து காட்டிட்டு, சிரிச்ச முகமா என் பக்கம் திரும்பினாங்க. "சூடம் நின்னு எரிஞ்சிருக்கு தம்பி, இனி ஒரு குறையும் வராது."

நம்ம தொழில்ல போர்டு செத்ததைச் சொல்லுதது பெரிய வித்தையில்ல, நீட்டின சூடத்தட்டைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்ட பிறகு சொல்லணும் பாருங்க, அதுதான் வித்தை.