விளங்காத பிள்ளைகள்

பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதைவிட, அவர்களுக்காகத் தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்பதுதான் இந்த வேலையில் கஷ்டம் என்பது என்னைப் போன்ற கூச்சம் பிடித்த டீச்சர்களுக்குத் தெரிந்திருக்கும். எழுபதுகளின் கடைசியில், பெருமாள்மலைக்கு அருகே ஒரு நடுநிலைப் பள்ளியில் எனக்கு முதல் வேலை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அப்போதுதான் அங்கே சேர ஆரம்பித்திருந்தார்கள்.

ஒரே வார்த்தை

ஐந்தாம் வகுப்புக்குத் தலைமையாசிரியரே கணக்கு எடுப்பார். அன்று பின்னம். நடத்தி முடித்து, "சந்தேகம் இருக்கா?" என்று வழக்கம்போலக் கேட்டார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள்; அதுவும் வழக்கம். புதிதாகச் சேர்ந்த செல்வராணி எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "விளங்கல்ல சேர்" என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. உடனே அவளை மூன்றாம் வகுப்புக்கு அனுப்பிவிட்டார். ஆசிரியர் அறைக்கு வந்தும் கோபம் தணியவில்லை.

"நான் நடத்துனா வெளங்காதாம்! வந்து சேந்ததும் சாபம் விடுது, பாத்தீங்களா டீச்சர்?"

வாசலில்

இலங்கையில் விளங்கவில்லை என்றால் புரியவில்லை என்றுதான் அர்த்தம். நானும் பாவாடை சட்டையோடு ராமேசுவரத்தில் கப்பல் இறங்கியவள்தானே. சாயங்காலம் அவர் அறை வாசலில் போய் நின்றேன். "அந்தப் பிள்ளை திட்டல சார். எங்க ஊர்ல புரியலைன்னா அப்படித்தான் சொல்வோம்."

"எங்க ஊரா? நீங்களும் சிலோனா? வாயத் தொறந்தாத்தானம்மா தெரியும்!" என்றவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே முடித்தார்:

"சரி, புரியலைன்னு அதுவே சொல்லிருச்சுல்ல? அப்ப மூணாங்கிளாஸ் சரிதானே?"

பேசிய பேச்சு

செல்வராணியின் அம்மா மாரியாயி காப்பித் தோட்டத்துக் கூலி. மறுநாளே தலைமையாசிரியரிடம் வந்து, "பெரிய சேர் எம் மகளுக்குப் பேசினாராமே?" என்று கேட்டார். இலங்கையில் பேசுவது என்றால் ஏசுவது. அது தலைமையாசிரியருக்கு எப்படித் தெரியும்? "எல்லாப் பிள்ளைகிட்டயும் தினமும் பேசத்தான செய்றேன்" என்றார் பெருமையாக. மாரியாயி அரண்டுபோனார். வெளியே கூட்டி வந்து விவரம் சொன்னேன். சிரித்தார், ஆனால் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் முடிவு மட்டும் மாறவில்லை.

"அத விடுங்கம்மா. சின்னப் புள்ளைகளோட குந்த வெக்கப்படுறா. திங்கக்கெழம எங்கூடப் பழம் பறிக்க வரட்டும்."

மறுபடியும் வாசலில்

திங்கட்கிழமைக்குள் முடிக்க வேண்டும். காலையில் பிரேயர் முடிந்ததும் போய் நின்றேன். "சோலி கெடக்கு டீச்சர்" என்றார். மத்தியானம் நின்றேன். சாயங்காலம் மழையில் குடையோடு நின்றேன். எனக்குப் பேசத்தான் கூச்சம், நிற்கக் கூச்சமில்லை.

"என்னதான்மா வேணும்?"

"இன்னொரு தடவை நடத்துங்க சார். அவ கேட்டது அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை செல்வராணியை ஐந்தாம் வகுப்புக்குக் கூப்பிட்டு, ஆயக்குடிக் கொய்யாவை நறுக்கி நறுக்கிப் பின்னம் நடத்தினார். "விளங்குச்சா?" என்று அவள் வார்த்தையிலேயே கேட்டார். "விளங்குது சேர்" என்றாள். அப்போது முன் பெஞ்சில் மளிகைக் கடைக்காரர் மகன் எழுந்தான். "எனக்கு வெளங்கல சார்." அவனைப் பார்த்து இன்னும் சிலர் எழுந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியர் கத்தியும் கையுமாக, வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"செல்வராணி, நீ ஒன் எடத்துல உக்காரு. டீச்சர், வெரசா இன்னும் நாலு கொய்யா வாங்கியாரச் சொல்லுங்க!"

திங்கட்கிழமை மாரியாயி தனியாகத்தான் பழம் பறிக்கப் போனார். எங்கள் பள்ளியில் விளங்காத பிள்ளைகள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனார்கள், என் உத்தியோகத்தில் நான் கண்ட உருப்படியான முன்னேற்றம் அதுதான்.